விளக்குக்கு வந்த வெங்கல நோய்

பித்தளைக்கு அம்மை போடும், அது பக்கத்துப் பாத்திரத்துக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று நான் முழுமனதாக நம்பியிருக்கிறேன். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொள்ளாததுதான் பாக்கி.

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் ஃபியூஸ் கட்டை செய்யும் சின்ன யூனிட் என்னுடையது. பீங்கானுக்குப் பளபளப்பு ஏற்றும் கிளேஸ் குழம்பைக் கலக்குவதும் சூளைக்கு முன்னால் வியர்ப்பதும் வார நாள் பிழைப்பு. ஞாயிறானால் பழங்காசு. இந்தப் பைத்தியத்தை எனக்கு ஏற்றிவிட்டவன் பள்ளிக்கூடத் தோழன். புதுச்சேரியில் பேங்க் வேலை. அங்கே நடந்த ஒரு காசுக் கண்காட்சியில் அவன் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு ரோமானியச் செப்புக்காசை வாங்கிவிட்டேன். சட்டைப் பொத்தான் அளவு. ராஜாவின் மூக்கு மட்டும் தெரிந்தது; மற்றதெல்லாம் மண்ணும் பச்சைப் படலமும்.

“பச்சை இருக்குது பாருங்க சார், அது பொய் சொல்லாது” என்றார் விற்றவர். நானும் பச்சையிடம் மறுபேச்சு பேசவில்லை.

காசில் ஒட்டிய மண் இளக எண்ணெயில் ஊறப்போட வேண்டும் என்று தோழன் முன்பே சொல்லியிருந்தான். வீட்டில் எதில் ஊறப்போட்டாலும் மனைவி கொட்டிக் கழுவிவிடுவாள். அப்போதுதான் பூஜை அறையில் குத்துவிளக்கு கண்ணில் பட்டது. மாமியார் சீராகக் கொடுத்த விளக்கு. வீட்டில் விசேஷம் என்றால்தான் பரணை விட்டு இறங்கும். மகளின் நிச்சயதார்த்தம் வருகிறது என்று மனைவி இறக்கி, துணி போர்த்தி நிறுத்தியிருந்தாள். மேல் தட்டு நல்ல குழி. நல்லெண்ணெய் ஊற்றிக் காசைப் போட்டு, துணியைப் பழையபடி மூடினேன். சாமிக்கு முன்னால் இருக்கிறது, யார் தொடப்போகிறார்கள் என்று எனக்கு ஏகப்பட்ட நிம்மதி.

நிச்சயத்துக்கு முந்தின வாரம் துணியைத் தூக்கினேன். எண்ணெய் பச்சை. தட்டின் உள்பக்கம் பூராவும் பச்சை. காசை வெளியே எடுத்துக்கொண்டு தோழனுக்குப் போன் அடித்தேன்.

“மாப்ள, பச்சையா மாவு மாதிரி வருதுடா.”

“அய்யய்யோ, வெங்கல நோயா இருக்கும்டா. மத்த காசோட சேத்து வெக்காத, பரவும். ஆமா, எதுல ஊறப் போட்ட?”

“ஒரு டப்பாவுலதான்.”

அவன் மேலே ஏதோ விளக்கினான். ‘பரவும்’ என்பதற்குப் பிறகு என் காதுகள் வேலை நிறுத்தம். இன்று தட்டு, நாளைக்குத் தண்டு, நிச்சயத்தன்று சம்பந்தி வீட்டார் முன்னால் விளக்கு பொலபொலவென்று உதிர்கிற காட்சி எனக்குச் சினிமாவாக ஓடியது. மாமியார் முன் வரிசையில்.

எப்படியும் விளக்கைக் காப்பாற்றியே தீருவது என்று முடிவு செய்தேன். தட்டைத் திருகிக் கழற்றி, மோட்டார் ரூமில் வாளி நிறைய, காய்ச்சி வடித்த பேட்டரித் தண்ணீர் ஊற்றி அதில் முக்கினேன். சாதாரணத் தண்ணீரின் உப்பு ஆகாது என்று எங்கோ கேட்டதுதான். மறுநாளும் பச்சை அப்படியே. சரி, நோய்க்கிருமி என்றால் சூட்டில் சாகும். ஊரில் யாரிடமும் இல்லாத சூடு என்னிடம் இருக்கிறதே! தட்டைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு யூனிட்டுக்கு விட்டேன் வண்டியை.

சூளைக் கண்ணாடித் துளை வழியாக உள்ளே பார்த்தேன். வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. பீங்கானே கண்ணாடியாக இளகும் இடம். பித்தளை அங்கே போனால் பாயசம். இத்தனை வருஷம் சூளை வைத்திருப்பவனுக்கு இது வாசலில்தான் ஞாபகம் வந்தது. பையை நெஞ்சோடு அணைத்து நின்றபோது செல்போன் அடித்தது.

“ஏங்க, வெளக்குக்குத் தலையைக் காணோம். உங்ககிட்ட இருக்குதா?”

“இருக்குது.”

“சாப்பாட்டுக்குத் தட்டு வேணும்னா எவர்சில்வர்ல எடுத்துக்கிட்டுப் போவக் கூடாதா? வூட்டுக்கு வாங்க மொதல்ல.”

போனேன். நோய், பரவல், சூளை எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் தட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

“இது களிம்புங்க. எண்ணெய் நாளு கணக்கா நின்னா பித்தளையில களிம்பு வராம மல்லிப்பூவா பூக்கும்?” புளியை உருட்டித் தேய்த்தாள். தட்டு மாமியார் கடையில் வாங்கிய நாள் மாதிரி ஆனது. “அந்தக் காசையும் குடுங்க, ஒரே தேய்ப்பு.”

“அதை மட்டும் வேணாம்மா!” என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். புளி பட்டால் பழங்காசின் படலம் போய்விடும். படலம் போனால் மதிப்பும் போய்விடும்.

ஆனால் ஒரு சந்தேகம் விழுந்துவிட்டது. எண்ணெயும் தட்டும் சேர்ந்து உண்டாக்கிய பச்சைக்கா நான் காசின் மேல் பழி போட்டேன்? அப்படியானால் காசின் பச்சை என்ன பச்சை? அதைத் தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று, மூக்குக்கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடியும் வைத்து வாசல் வெயிலில் உட்கார்ந்தேன். ஓரத்தில் பச்சை கொஞ்சம் தடித்து, சொட்டாக இறங்கி நின்றிருந்தது.

அந்தச் சொட்டை எனக்கு நன்றாகத் தெரியும். கிளேஸில் கட்டையை முக்கி எடுக்கும்போது கீழ் ஓரத்தில் இறங்குகிற அதே சொட்டு. அதற்காகத் தினமும் யூனிட்டில் யாரையாவது திட்டுகிறேன். மண்ணுக்குள் கிடந்து வந்த பச்சை வழியாது. வழிய வேண்டுமென்றால் யாரோ முக்கி எடுத்திருக்க வேண்டும்.

மகளின் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். பச்சை பஞ்சுக்கு வந்துவிட்டது.

“அப்பா, அது நிச்சயத்துக்கு வாங்கினது!” என்று மகள் கத்தினாள். பாட்டில் காலியாகும் வரை நான் விடவில்லை. ராஜாவின் மூக்குக்குப் பின்னால் கன்னமும், தலையில் இலைக் கிரீடமும், ஓரத்தில் சில எழுத்தும் வந்தன. புதுச் செம்பு மாதிரி பளபளப்பு, பச்சை ஒரு பொட்டுக்கூட இல்லை. டூப்புதான் என்று தலையில் கை வைத்தேன்.

நிச்சயத்துக்கு வந்த தோழனிடம் காட்டினேன். வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

“காசு ஒரிஜினல்டா. யாரோ புண்ணியவான் புளி போட்டு வெளக்கியிருக்கான். பளபளன்னு ஆனதும் எவனும் வாங்கல. அதான் மண்ணையும் பச்சையையும் பூசித் தள்ளிட்டான்.” பிறகு மோந்து பார்த்தான். “ஏண்டா நல்லெண்ணெய் வாசனை அடிக்குது?”

விளக்கு ஏற்றினார்கள். மாமியார் முன் வரிசையில்தான் இருந்தார். விளக்கில் நோய் எதுவும் இல்லை. காசு உண்மை, பச்சை பெயிண்ட்.