பூட்டிய கணினிக்குள் ஏப்ரல் மாதச் சுவர்

குன்னூர்க் கடைவீதியில் கணினி பழுதுபார்க்கும் கடை கொடுத்த சீட்டு, ஜூலை 17, வியாழன்: "ஈரம் இறங்கிய போர்டு மாற்றப்பட்டது. உள்ளிருக்கும் தகவல்களுக்குக் கடை பொறுப்பல்ல." இரண்டாவது வரியை அன்று நான் படிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தால் நீலத் திரை. நாற்பத்தெட்டு இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. மறுநாள் காலை கடை திறக்கும்போதே போய் நின்றேன்.

"ஏனுங்க, டிஸ்க்கைத் தொடவே இல்லைன்னீங்களே?"

"டிஸ்க் நல்லாத்தானுங்க இருக்குது," என்றார் கடைக்காரர். "அதோட சாவி பழைய போர்டுல இருக்கிற சிப்புக்குள்ள. போர்டு மாறுனா அது தொறக்காதுங்க. திருடன் டிஸ்க்கைக் கழட்டிட்டுப் போனாக்கூட ஒண்ணும் பாக்க முடியாது."

"திருடனுக்கு நான் எடுத்த பக்கத்து வீட்டுச் சுவரு போட்டோ எதுக்குங்க?"

அவர் சிரித்தார். "அந்த நம்பரை எழுதி வெச்சிருப்பீங்களே. பஸ் எத்தனை நிமிஷம் லேட்டுன்னு எழுதற ஆளாச்சே நீங்க!"

எழுதித்தான் வைத்திருந்தேன். முன்பெல்லாம் என் நாட்குறிப்பு நோட்டுகள், உள்ளே சின்ன பல்பு எரியும் அலமாரியில் இருக்கும். ஈரம் ஊறும் இந்த மலையில் துணிக்கும் காகிதத்துக்கும் அந்தச் சூடுதான் காவல். அப்படியும் ஒரு மழைக்காலத்தில் நான்கு நோட்டுகள் பூஞ்சணம் பிடித்து ஒரே கட்டியாகிவிட்டன. அதன் பிறகு காகிதத்தை நம்பாமல் எல்லாவற்றையும் கணினியிலேயே எழுதினேன். அந்த மீட்பு எண்ணையும் அங்கேயேதான், தேதி போட்டு.

என் குறிப்புகள் போனதைவிடப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் நினைப்புதான் என்னை அழுத்தியது. கணவரை இழந்தவர், வெலிங்டனில் ராணுவ அலுவலகம் ஒன்றில் எழுத்தர். அவர் சமையலறைக்குப் பின்னால் உயரமான தடுப்புச் சுவர். அதற்கு மேலுள்ள மனைக்காரர் மே 11 அன்று பொக்லைன் வைத்து மண்ணெடுக்கத் தொடங்கினார். இப்போது சுவரில் கை நுழையும் விரிசல். அது பழசு என்கிறார் அவர். மூடுபனியைப் பதிவு செய்ய ஞாயிறுதோறும் என் ஜன்னலிலிருந்து எடுக்கும் படங்களில் அந்தச் சுவரும் விழும். மே மாதத்துக்கு முந்தைய படங்களை வருவாய் ஆய்வாளரிடம் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். சுவர்ப் புகாரை விசாரிக்க ஆய்வாளர் திங்களன்று வருவதாக இருந்தது.

படங்கள் கணினிக்குள் சிக்கிக்கொண்டதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "படம் இல்லீன்னா என்னங்கண்ணா, நீங்க இருக்கீங்கல்ல? தேதி எல்லாம் உங்களுக்கு மனப்பாடமாச்சே," என்றார். "அந்தச் சுவரு எறங்குச்சுன்னா நானும் எம் புள்ளையும் சோத்துச் சட்டியோட பொதைஞ்சு போயிருவோமுங்க."

திங்கள், ஜூலை 21. சாரல். "மே 11க்கு முன்னால விரிசல் இல்லைன்னு உறுதியாச் சொல்றீங்களா?" என்று கேட்டார் ஆய்வாளர்.

"சார் கண்ணுலயே போட்டோ புடிச்சு வெச்சிருக்காருங்க," என்றார் மேல் மனைக்காரர், குடைக்குள்ளிருந்து.

அந்தப் பேச்சு சுட்டதாலோ என்னவோ, நான் தயங்கவில்லை. விரிசல் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுப் படியிறங்கும்போதுதான் ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமைப் படம் நினைவுக்கு வந்தது. சுவரின் இடது மூலையில் மேலிருந்து கீழாக மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று. பார்த்த ஞாபகம் இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்த ஞாபகம் இல்லை. இதை அந்தப் பெண்ணிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

பழைய போர்டு கோயம்புத்தூருக்குப் போயிருக்கிறது. ஒரே ஒரு முறை அது உயிர்பெற்றால் போதும், சிப்பிலுள்ள சாவியால் டிஸ்க் திறந்துவிடும் என்கிறார் கடைக்காரர். முன்பு தினமும் போன் செய்து கேட்டேன். இப்போது அவர் அழைத்தாலே கை தயங்குகிறது.

அந்தக் கோடு விரிசலா, ஈரத்தில் படர்ந்த பாசியா என்பது இதை எழுதும் நாள்வரை சரிபார்க்கப்படவில்லை.