லோஷினி ஒட்டிய டேப்

கைகள் ரேடியேட்டரின் மேல் குழாயை அமுக்கி விட்டன. மறுபடி அமுக்கின. அடி வெட்டிய தண்ணீர் போத்தல் ஒன்று ரேடியேட்டர் வாயில் தலைகீழாகச் செருகியிருந்தது. அதில் பாதியளவு நின்ற, இன்ஜினைக் குளிர்விக்கும் பச்சைக் கூலண்டில் ஒவ்வோர் அமுக்கலுக்கும் ஒரு குமிழி மேலேறி உடைந்தது. வலது கட்டைவிரலில் நகம் பாதிதான் இருந்தது. இருபது அமுக்கல், கொஞ்சம் காத்திருப்பு, மறுபடி இருபது. கடைசிக் குமிழி வந்து ஐந்து நிமிடம் கழித்தே கைகள் போத்தலை எடுத்துவிட்டு மூடியைத் திருகின.

ஜோகூர் மாநிலத்தின் ஆயர் ஈத்தாமில் மண்ஜாடிக் கடைகளின் வரிசை முடியும் இடத்தில் பட்டறை வைத்திருக்கும் திருச்செல்வத்தின் கைகள் அவை. நெடுஞ்சாலையில் கொதித்து நின்றுபோகும் கார்களை இழுவை லோரிக்காரர்கள் முதலில் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். ஆனால் அந்தச் சனிக்கிழமை அவர் பார்த்துக்கொண்டிருந்தது தன் மகள் லோஷினியின் காரை.

குளுவாங் சாலையில் அதை ஓட்டிப் பார்த்தார். எட்டாவது கிலோமீட்டரில், செம்பனைத் தோட்டத்து வளைவில், டேஷ்போர்டுக்குப் பின்னால் யாரோ வாய் கொப்பளிப்பது போலச் சத்தம் கேட்டது. சூடு காட்டும் முள் நடுக்கோட்டைத் தாண்டி ஏறியது. ஓரம்கட்டி இன்ஜினை அணைத்தார். அது ஆறும்வரை போனட்டைத் திறந்துவைத்து வெயிலில் நின்றார். மூன்று வாரத்தில் இது மூன்றாவது முறை.

திரும்பி வந்தபோது பட்டறையில் ஷர்மைன் காத்திருந்தாள். காரை வாங்கியவள் அவள். பதிவில் அவள் பெயருக்குக்கூட மாற்றியாகிவிட்டது.

"அங்கிள், இன்னிக்காச்சும் கிடைக்குமா?"

"உள்ள காத்து நிக்குதுமா. இன்னும் போகல."

"போன வாரமும் காத்துன்னுதான் சொன்னீங்க. அலமாக் அங்கிள், காத்த டயர்ல மட்டும் அடைச்சுக் குடுத்தா போதும் லா."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"திங்கக்கிழம காலைல அஞ்சரைக்கு நான் குளுவாங்ல இருக்கணும் அங்கிள். டயாலிசிஸ் சென்டர்ல முதல் நாளு. அந்த நேரத்துல பஸ் கிடையாது. கார் இருக்குன்னு சொல்லித்தான் வேலைய வாங்கியிருக்கேன்."

"நாளைக்குச் சாயங்காலம் வா. சாவி குடுத்துர்றேன்."

"கண்டிப்பா?"

அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

திருச்செல்வத்துக்கு யாரும் தொழில் சொல்லிக் கொடுத்ததில்லை. பதினேழு வயதில் தோட்டத்து டிராக்டர் கொட்டகையில் பாகங்களைக் கழுவப் போனார். அங்கே மெக்கானிக்குகள் பாகங்களைக் கழற்றிய வரிசையில் தரையில் அடுக்குவார்கள், கடைசியாக வைத்ததை முதலில் எடுத்துப் பூட்டுவார்கள். அதைப் பார்த்துப் பார்த்தே இன்ஜின் அவருக்குப் பிடிபட்டது. பிறகு அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழைய மேனுவல்களைப் படித்தார். சூடாகும் கார் எது வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஹீட்டர திறந்தீங்களா?"

காரைக் கொண்டுவந்தவர்கள் விழிப்பார்கள். ஜோகூர் வெயிலில் யார் ஹீட்டர் போடுகிறார்கள்? பழைய கார்களில் ஹீட்டரைத் திறந்து மூடும் நாப், வாங்கிய நாள் முதல் நீலப் பக்கமே கிடக்கும். நீலத்தில் இருந்தால் ஹீட்டருக்குப் போகும் வழி அடைத்திருக்கும். கூலண்டை மாற்றும்போது அதைச் சிவப்புக்குத் திருப்பாவிட்டால் காற்று உள்ளேயே தங்கிவிடும். ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து இன்ஜின் தலையில் போய் உட்காரும். முள் ஏறும். இதைப் பல வருடங்களாக ஊருக்கெல்லாம் சொல்லி வருகிறார்.

கார் ஓட்டப் பழகிய புதிதில் லோஷினி ஏசி என்று நினைத்து அந்த நாப்பைச் சிவப்புக்குத் திருப்பிவிட்டாள். காலில் அனல் அடித்ததும், "ப்பா, இன்ஜின் தீப்பிடிச்சிருச்சு!" என்று நடுச்சாலையில் கத்தினாள். பக்கத்தில் இருந்தவர் அவளைவிடச் சத்தமாகக் கத்தினார். மறுநாள் அவள் நாப்பை நீலத்தில் வைத்து, மேலே வெள்ளை டேப்பை ஒட்டி, பேனாவால் எழுதினாள்: "தொட்டால் அப்பா கத்துவார்."

அவள் நியூசிலாந்துக்குப் போய் நான்கு வருடம் ஆகிறது. பால் பரிசோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை. வாராவாரம் அவர் காரைக் கிளப்பி, இருந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் ஓடவிடுவார். போன மாதம் போனில் சொன்னாள்: "பிஆர் கிடைச்சிருச்சுப்பா, நிரந்தரமா இங்கயே இருக்கலாம். இனிமே வந்தாலும் ரெண்டு வாரம்தான். காரை வித்துருங்க, யாராச்சும் ஓட்டட்டும்."

"சரிம்மா," என்றார். விற்பதற்கு முன் வெடித்திருந்த குழாய்களையும் தண்ணீர் பம்பையும் மாற்றினார். அப்போதுதான் காற்று உள்ளே போயிருந்தது.

ஷர்மைன் போனதும் அவர் மனைவி புஷ்பவள்ளி தேநீரோடு வந்தாள். கார்க் கதவு திறந்திருந்தது. குனிந்து உள்ளே பார்த்தாள். நாப்பின் மேல் டேப் அப்படியே இருந்தது.

"ஏங்க, வர்றவன் போறவன் எல்லாரையும் ஹீட்டர திறந்தியான்னு கேக்குறீங்களே, இதுல திறந்தீங்களா?"

அவர் கோப்பையை வாங்கிக்கொண்டார்.

"மறந்துட்டேன்."

"மூணு வாரமாவா?" அவள் குரல் இறங்கியது. "எனக்கு மட்டும் ஆசை இல்லையா? அவ வந்து ஓட்டுவான்னு நானும்தான் கவர் போட்டு மூடி வெச்சேன். அந்தப் புள்ள வேலைக்குப் போகணுங்க."

ஞாயிறு காலை முன்சக்கரங்களைப் பலகைகளின் மேல் ஏற்றினார். ரேடியேட்டரின் வாய் மற்றக் குழாய்களைவிட உயரத்துக்கு வந்தது. போத்தலைச் செருகினார். பிறகு காருக்குள் உட்கார்ந்து டேப்பின் ஓரத்தை அரை நகத்தால் நெம்பினார். காய்ந்துபோன டேப் இரண்டாகக் கிழிந்து வந்தது. ஒன்றில் "தொட்டால் அப்பா", இன்னொன்றில் "கத்துவார்". இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நாப்பைச் சிவப்புக்குத் திருப்பினார். ரொம்ப இறுக்கமாக இருந்தது.

இன்ஜின் ஓடிச் சூடேறியதும் போத்தலில் ஏப்பம் போல ஒரு பெரிய குமிழி உடைந்தது. அடுத்தடுத்து நாலைந்து. கூலண்ட் சரசரவென்று கீழே இறங்கியது. ஒரு குவளைக்கு மேல் ஊற்ற வேண்டியிருந்தது.

உள்ளே போய்க் கதவைச் சாத்தி, காற்று வரும் துளைகளுக்கு முன்னால் இரண்டு கைகளையும் நீட்டினார். காற்று சூடாக வந்தால் ஹீட்டர் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். முதலில் சாதாரணக் காற்று. பிறகு வெதுவெதுப்பு. பிறகு நல்ல சூடு.

காருக்குள் வேலை அத்தோடு முடிந்தது. இறங்கி வெளியே நின்றிருக்கலாம்.

"காலைல கண்ணாடியெல்லாம் பனிப்பா," என்று லோஷினி ஒருமுறை போனில் சொல்லியிருந்தாள். "ஹீட்டர் போட்டு, விரல் மடங்குற வரைக்கும் கைய நீட்டிட்டு உக்காந்திருப்பேன்." விரல் மடங்காத குளிர் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. பட்டறையின் தகரக் கூரைக்குக் கீழே, முதுகில் வியர்வை வழிய, அவர் கையை நீட்டியபடி இருந்தார். ரேடியேட்டர் விசிறி சுற்றி நின்றது. மறுபடி சுற்றி நின்றது. இரண்டு முறை சுற்றி நின்றால் போதும் என்பது அவர் கணக்கு. அன்று மூன்றாவது முறைக்கும் காத்திருந்தார்.

மாலையில் நாப்பை நீலத்துக்குத் திருப்பி, குளுவாங் வரை போய்வந்தார். முள் நடுவிலேயே நின்றது. டேஷ்போர்டுக்குப் பின்னால் சத்தமே இல்லை.

ஷர்மைன் வந்ததும், தன் வழக்கப்படி, மேல் குழாயையும் கீழ்க் குழாயையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுப் போனட்டைச் சாத்தினார். அவள் உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள்.

"இங்க என்ன ஒட்டியிருந்துச்சு அங்கிள்? இந்த இடம் மட்டும் புதுசாட்டம் இருக்கு."

"என் மக ஒட்டினது. யாரும் திருப்பக் கூடாதுன்னு."

"அப்போ நானும் திருப்பக் கூடாதா?"

"கூலண்ட் மாத்துறப்போ சிவப்புக்குத் திருப்பணும். எங்க மாத்தினாலும் திறந்தாங்களான்னு கேளு."

"மறந்துட்டு வந்து நின்னா கத்துவீங்களா?"

திருச்செல்வம் சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"மாட்டேன். வா," என்று சொல்லி, சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார்.