அப்பாவும் சத்தமில்லாத வண்டியும்

சென்ற ஆண்டு எங்களைத் தேற்ற வந்த உறவினர்களும் நண்பர்களுமான நீங்கள் இன்று அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கும் வந்திருக்கிறீர்கள். இந்த நினைவு மலரில் இரண்டு பக்கங்களை எனக்கென்று ஒதுக்கிவிட்டு, "நீதானக்கா டீச்சர், அப்பாவப் பத்தி நீயே எழுது" என்று தம்பி சொல்லிவிட்டான். நான் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவள். அப்பாவைப் பற்றி எனக்குத் தெளிவாக எதுவும் தெரியவில்லை என்பது எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

அப்பா பெரியதாழையில், கடல்தொழில் செய்யும் குடும்பத்தில் மூத்த மகனாகப் பிறந்தார்கள். வள்ளத்தில் ஏறினால் வாந்தி வந்துவிடும். ஊரே சிரித்ததாம். பதினேழு வயதில் தூத்துக்குடிக்கு வந்து, துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் வேலையில் சேர்ந்தார்கள். அம்மாவைக் கைப்பிடித்த பிறகு மில்லர்புரத்தில் குடியேறி ஒரு டீசல் ஆட்டோ வாங்கினார்கள். விடியும் முன்பு மீன் விற்கும் பெண்கள் ஐந்து பேரை மீன்பிடித் துறைமுகத்து ஏலத்துக்குக் கொண்டுபோய், கூடைகளோடு திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் தினமும் முதல் சவாரி. ஞாயிறு பூசை தவறியதில்லை. பிரசவ வலியோடு ஏறிய பெண் யாரிடமும் வாடகை கேட்டதில்லை. பேச்சு மட்டும் ரொம்பக் குறைவு. கோபம் வந்தால்தான் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வரும்.

ஐம்பத்தெட்டு வயதில் இருமல் பிடித்துக்கொண்டது. நெஞ்சுப் படத்தைப் பார்த்த மருத்துவர், புகையை விட்டு விலகி இருக்கச் சொன்னார். அப்பா பீடியைத் தொட்டதே இல்லை. "எந்தப் பொகையச் சொல்லுதாரு?" என்று என்னைக் கேட்டார்கள். நான் வாசலில் நின்ற வண்டியைக் காட்டினேன். அதை விற்றுவிட்டு பேட்டரி ஆட்டோ வாங்கச் சொல்லி ஆறு மாதம் அவர்களை நச்சரித்தது நான்தான். வேறு யாரும் சொல்லவில்லை.

"இந்தக் கரண்டு எங்கருந்துளா வருது?"

"அனல் மின் நிலையத்துலருந்துப்பா."

"அங்கன எரிக்க கரி கப்பல்ல வருது. நான் எறக்குன கரிதானே. பொக எம் வண்டியிலருந்து அந்தச் சிமினிக்குப் போயிருக்கு, அம்புட்டுத்தான்."

அறிவியல் டீச்சரான நான், "உங்க மூக்குக்குக் கிட்ட இருக்காதுல்லாப்பா" என்றேன். என்ன நினைத்தார்களோ, வாங்கிவிட்டார்கள். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து வண்டியை மந்திரித்தார்.

மறுநாளே தொல்லை தொடங்கியது. டீசல் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுத் தகரமெல்லாம் அதிரும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் ஐந்து பெண்களும் கூடையோடு வெளியே வருவார்கள். புது வண்டிக்குச் சத்தமே கிடையாது. அப்பா வழக்கமான இடத்தில் காத்திருக்க, அந்தப் பெண்கள் வீட்டுக்குள் சத்தத்துக்குக் காத்திருக்க, ஏலம் முடிந்துவிட்டது. ஹாரன் அடித்திருக்கலாமே என்பீர்கள். தூங்குகிற சனத்துக்கு முன்னால் ஹாரன் அடிப்பது மரியாதை இல்லை என்பது அப்பாவின் கொள்கை. இருபது வருடமாகத் தெருவையே எழுப்பிவிட்ட டீசல் சத்தம் அந்தக் கொள்கையில் எப்படியோ சேரவில்லை.

நாலு நாள் இப்படியே போயிற்று. புது வண்டியில் மீன் தண்ணீர் சொட்டக் கூடாது என்று அண்ணாச்சி நம்மைக் கழற்றிவிட்டார் என்று அந்தப் பெண்கள் நினைத்துக்கொண்டார்கள். பேட்டரி வண்டியில் ஏறப் பயந்து வேறு ஆட்டோ பிடித்துவிட்டார்கள் என்று அப்பா நினைத்துக்கொண்டார்கள். யாரும் யாரிடமும் கேட்கவில்லை. நாலாம் நாள் அடுத்த தெருவிலுள்ள என் வீட்டுக்கு வந்து, "ஒம் பேச்சக் கேட்டேன் பாரு, எம் பொழப்பு போச்சு" என்று சாவியை மேசையில் போட்டார்கள்; போகும்போது எடுத்துக்கொண்டார்கள். ஐந்தாம் நாள் எப்படியோ சவாரி சரியாயிற்று. எப்படி என்று அப்பா சொல்லவில்லை, நானும் கேட்கப் பயந்தேன்.

அதன் பிறகு இரண்டு வருடம், தினமும் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து வண்டியைத் திட்டினார்கள். பாலம் ஏறினால் சார்ஜ் இறங்குகிறது, மழைக்கு நம்ப முடியவில்லை, வண்டியா இது, விளையாட்டுச் சாமான். நான் காபியைக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வேன். இருமல் கொஞ்சம் குறைந்து, பிறகு கூடியது. மருத்துவமனையில் பதினோரு நாள் இருந்தார்கள். முன்னமே வண்டியை மாற்றியிருந்தால் பிழைத்திருப்பார்களா என்று கேட்டதற்கு, "சொல்ல முடியாதும்மா" என்றார் மருத்துவர். அவர்களுடைய கடைசி இரண்டு வருடத்தையும் நானே கசப்பாக்கிவிட்டேன் என்றுதான் அடக்கத்தன்று உட்கார்ந்திருந்தேன்.

அன்று ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து மூன்று பேட்டரி ஆட்டோக்கள் வந்து நின்றன. ஓட்டி வந்தவர்களில் ஒருவர் என்னிடம், "அண்ணாச்சி சொல்லித்தாம்மா நாங்க வாங்குனோம். 'எம் மவ சொல்லி வாங்குனேன், அவ தப்பா சொல்ல மாட்டா'ம்பாரு" என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு ஐந்து பெண்களில் மூத்தவரான செல்வமேரி அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அஞ்சாம் நாளு கதவத் தட்டி, 'செல்வமேரி, வண்டி வந்திருக்கு'ன்னாரு. இருவது வருசமா ஏறுதேன், எம் பேரு அவருக்குத் தெரியும்னே எனக்குத் தெரியாதுளா. அதுலருந்து தெனமும் அஞ்சு வீட்டுலயும் எறங்கி, பேரு சொல்லித்தான் கூப்புடுவாரு."

இதை எதோடு சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. வண்டி பிடித்திருந்தால் என்னிடம் மட்டும் ஏன் அத்தனை திட்டு? பிடிக்கவில்லை என்றால் மூன்று பேரை ஏன் வாங்க வைத்தார்கள்? "ஒன்னயப் பாக்க வாரதுக்கு அவுகளுக்கு ஒரு சாக்கு வேணும்லா" என்கிறார் அம்மா. சும்மா வந்திருக்கலாமே, நான் வேண்டாம் என்றா சொல்வேன்? சில நாள் அம்மா சொல்வது சரி என்று படுகிறது. சில நாள் அப்பா மேல் கோபமாக வருகிறது.

பதினோரு நாளும் உடனிருந்து கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், பங்குத்தந்தைக்கும், ஸ்டாண்ட் நண்பர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறும் குழம்பும் கொண்டுவந்த அந்த ஐந்து அக்காமாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

உங்களிடம் கேட்க எனக்கு ஒன்று இருக்கிறது. உங்களில் பலர் அப்பாவின் வண்டியில் ஏறியிருப்பீர்கள். அதைப் பற்றி அவர்கள் ஏதாவது சொல்லியிருந்தால் என்னிடம் சொல்லுங்கள். இன்று சாப்பாட்டுப் பந்தியில்தான் பரிமாறிக்கொண்டு நிற்பேன். பாராட்டியிருந்தால் ஒருவேளை நான் நம்பமாட்டேன். திட்டியிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அவர்களிடம் திட்டு வாங்கி ஒரு வருடம் ஆகிவிட்டது.

மூத்த மகள்