படகில் கேட்டதும் டண்டினொங்கில் சொன்னதும்

யாழ்ப்பாணத்தில் பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் படிப்பித்த என்னை, மெல்பேணுக்கு வந்ததும் டண்டினொங்கில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் நிற்க வைத்தார்கள். ஓடுகிற பட்டியில் வரும் பிஸ்கட்டுகளில் உடைந்ததைப் பொறுக்கி வாளிக்குள் போட வேண்டும். எழுபதுகளின் நடுப்பகுதியில் என் கோபமெல்லாம் அந்த வாளிக்குள்தான் விழுந்தது. எனக்கு எதிரே நின்றவள் ஒரு பிரெஞ்சுக்காரி. அவளுக்கும் மூக்கு நுனியில்தான் கோபம். அதனாலேயே ஒட்டிக்கொண்டோம்.

அவள் ஓர் அவுஸ்திரேலியனைக் கட்டிக்கொண்டு வந்தவள். என் இடியப்பத்தை முள்ளுக்கரண்டியில் சுற்றிச் சுற்றிச் சாப்பிடுவாள். நாங்கள் பேசியது ஆங்கிலம். ஆனால் அவள் சொன்னதெல்லாம் என் ஞாபகத்தில் என் தமிழில்தான் இருக்கிறது. தன் ஊரில் தெருவைவிட வாய்க்கால்தான் கூட என்பாள். சுற்றிலும் சதுப்பு நிலம், மாடுகூடப் படகில் ஏறித்தான் மேயப் போகும் என்பாள். "புளுகாதை" என்பேன் நான்.

அந்த வருடம் ஓகஸ்டில் என் கணவரின் தம்பிக்கு லண்டனில் கல்யாணம். போகிறோம் என்று சொன்னதும் அவள் கையுறையைக் கழற்றிவிட்டு என் பக்கம் வந்தாள்.

"என்ர அம்மாட்ட ஒருக்காப் போட்டு வாறியா? தனிய இருக்கிறா. கடிதத்தில எப்பவும் 'நல்லாயிருக்கிறன்' எண்டுதான் எழுதுறா. அது உண்மையோ எண்டு பார்த்துச் சொல்லு. நல்லாயிருந்தா, டிசம்பரில நத்தாருக்குத் தொழிற்சாலை மூடேக்க நான் போவன். இல்லாட்டி இப்பவே போகவேணும். வருட லீவு முடிஞ்சுது, இப்ப போனா வேலை போயிடும். போனாப் போகட்டும்."

"இதென்ன பெரிய விஷயமே? பார்த்துச் சொல்லுறன்" என்றேன். என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் ஓடும்.

கல்யாணம் முடிந்ததும் கப்பல், ரயில், பஸ் என்று மாறி மாறிப் போனோம். வழியெல்லாம் என் கணவருக்குப் புறுபுறுப்பு. "ஆரோ ஒருத்தியின்ர தாயைப் பார்க்க இவ்வளவு தூரமோ?" என்றார். "வாயை மூடிக்கொண்டு வாங்கோ" என்றேன்.

சின்ன ஊர்தான். நடுவே ஆறு, அதிலிருந்து நாலாபக்கமும் பிரிந்து போகிற வாய்க்கால்கள். தண்ணீரே தெரியாமல் பச்சைப் பாசி மூடிக் கிடந்தது. ஒரு வாத்து நீந்திப் போனால் அதன் பின்னால் கறுப்பாக ஒரு கோடு திறக்கும், பிறகு மெல்ல மூடிவிடும். ஒவ்வொரு வீட்டின் பின்படியிலும் அடி தட்டையான படகு ஒன்று கட்டியிருந்தது. நாங்கள் பாலத்தில் நிற்கும்போதே ஒரு படகில் பசுமாடு ஒன்று நின்றபடி போனது. சேற்று மணம் மூக்கில் ஏறியது. "பார்த்தீரே, உம்மட சிநேகிதி புளுகேல்லை" என்று இவர் சிரித்தார்.

வெறுங்கையோடு போகலாமா? கல்யாண வீட்டுப் பயற்றம் பணியாரத்தை ஒரு தகரப் பேணியில் கொண்டுபோயிருந்தேன். தாய் நீலச் சட்டை போட்டு, தலையை ஒழுங்காக வாரி, வாசலில் கதிரையில் இருந்தார். எங்களைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டினார்; ஆனால் எழும்பவில்லை. உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் போட்டிருந்த கட்டில். மாடி ஏற ஏலாத மனிசி என்று அந்தக் கட்டிலே சொன்னது. கால்கள் வீங்கிச் செருப்புக்குள் அடங்காமல் இருந்தன. ஒரு பணியாரத்தில் பாதியைக் கடிப்பதற்குள் மூன்று தரம் மூச்சு வாங்கினார்.

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தெரிந்தவர் பக்கத்து வீட்டம்மா. இளமையில் இங்கிலாந்தில் வீட்டு வேலை பார்த்தவராம். எங்களுக்காக வெள்ளை அவரைக்கொட்டையை அவிய வைத்துச் சமைத்திருந்தவரும் அவர்தான். சாப்பிட்ட கையோடு, ஊரைக் காட்டுகிறேன் என்று எங்களைப் படகில் ஏற்றினார். அறுபதைத் தாண்டிய மனிசி, நின்றபடி நீண்ட கழியை ஊன்றித் தள்ளினார். நீச்சல் தெரியாத என் கணவர் படகின் இரண்டு ஓரத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். நான் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். மரங்கள் இரண்டு பக்கமும் கவிந்து வெயில் இறங்காத ஒரு வளைவு வந்தது. அங்கே அவர் கழியை ஊன்றிப் படகை நிறுத்தினார்.

"அவவுக்கு இருதயம் சரியில்லை. வாற மாரிக் குளிரைக் காணமாட்டா எண்டு டொக்டர் சொல்லியிட்டார். மகளுக்கு எழுதப்படாது எண்டு என்னட்டச் சத்தியம் வாங்கிப்போட்டா. நான் எழுதேலாது. நீங்கள் போய்ச் சொல்லுங்கோ. உடன வரச் சொல்லுங்கோ" என்றார். வீட்டில் வைத்து ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவவுக்குப் பாஷை விளங்காது, ஆனால் உங்கள் முகம் விளங்கிவிடும் என்றார்.

"ஓம், சொல்லுறன்" என்றேன்.

புறப்படும்போது தாய், மகளுக்கென்று தன் தோட்டத்து அவரைக்கொட்டையை ஒரு துணிப் பையில் தந்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கை விரலைத் தன் உதட்டில் வைத்தார். அதற்கும் தலையாட்டினேன். ஒரே நாளில் இரண்டு பேருக்கும் தலையாட்டிய மகராசி நான்.

ரயிலில் என் கணவர், "நேர போய்ச் சொல்லிப்போடும்" என்றார்.

"எடுத்த எடுப்பில அப்பிடிச் சொல்லுறதே? உங்களுக்கென்ன விசரே?" என்று பாய்ந்தேன்.

எங்கள் ஆட்களுக்குக் கெட்ட செய்தி சொல்ல ஒரு முறை இருக்கிறது. முதலில் ஆளைச் சாப்பிட வைக்க வேண்டும். பிறகு, "கொஞ்சம் சுகமில்லையாம்" என்போம். அடுத்த நாள், "ஆஸ்பத்திரியில வச்சிருக்கினமாம்" என்போம். செத்து எரித்த ஆளைக்கூட மூன்று நாள் காய்ச்சலில் கிடத்தி வைக்கத் தெரிந்தவர்கள் நாங்கள். கேட்கிறவருக்கும் அது தெரியும். "கொஞ்சம் சுகமில்லை" என்றதுமே பெட்டியை அடுக்கத் தொடங்கிவிடுவார். அந்த முறை எங்களுக்குள்தான் செல்லும் என்பது எனக்கு அப்போது மூளையில் ஓடவில்லை. பெரிய கணக்கு ரீச்சர்!

வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமை தேநீர் நேரத்தில் அவள் ஓடிவந்தாள். முதலில் சாப்பிடு என்று இருத்தினேன். அவரைக்கொட்டைப் பையைக் கொடுத்தேன். அதை முகர்ந்து பார்த்தாள்.

"அம்மா நல்லாயிருக்கிறா. கொஞ்சம் மெலிஞ்சு போனா, வயசுதானே" என்றேன்.

அவள் எல்லோர் முன்னாலும் என்னைக் கட்டிப்பிடித்தாள். "அப்ப நத்தாருக்குப் போறன்" என்றாள். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அவளுடைய முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அடுத்த கிழமை சொல்லுவோம் என்று விட்டேன். அடுத்த கிழமை, "கால் கொஞ்சம் வீங்கியிருந்தது" என்றேன். "வெயிலுக்கு அம்மாவுக்கு எப்பவும் வீங்கும்" என்று அவளே எனக்கு ஆறுதல் சொன்னாள். அதற்குப் பிறகு என் மகனுக்கு அம்மை, இவருக்கு இரவு வேலை என்று கிழமைக்கு ஒரு சாட்டு எனக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தது. உண்மையில் எனக்குப் பயம். முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே என்ற பயம்.

ஒக்டோபர் கடைசியில் அவளுக்குத் தந்தி வந்தது. செத்தால் லீவு உண்டு. சாகப் போகிறார் என்பதற்குத்தான் அங்கே லீவு இல்லை. அவள் போனாள். அடக்கம் முடிந்த மறுநாள்தான் போய்ச் சேர்ந்தாளாம். பக்கத்து வீட்டம்மா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். முழுப் பூசணிக்காயை எத்தனை நாளைக்குச் சோற்றில் மறைக்கலாம்?

திரும்பி வந்தவள் உடுப்பு மாற்றும் அறையில் என் முன்னால் வந்து நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"நான் போகேலாதெண்டுதானே உன்ர கண்ணை அனுப்பினனான். நீ பார்த்ததை ஏன் எனக்குத் தரேல்லை?"

எங்கள் முறை, எங்கள் வழக்கம் என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். எனக்கே அது அருவருப்பாக இருந்தது. பாதியில் நிறுத்திவிட்டேன். அவள் போர்மனிடம் கேட்டு வேறு பட்டிக்கு மாறிக்கொண்டாள். வீட்டுக்குப் போய் அழுதேன். 'சொன்னனான்தானே' என்று என் கணவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரோடு சண்டையாவது பிடித்திருப்பேன்.

என் அம்மா யாழ்ப்பாணத்தில் அக்காவோடு இருந்தார். அக்காவுக்கு அன்றைக்கே எழுதினேன்: "என்ன நடந்தாலும் எனக்கு உள்ளதை உள்ளபடி எழுதுங்கோ. ஒண்டையும் மறைக்காதேங்கோ." அப்படியே செய்கிறேன் என்று பதில் வந்தது.

அடுத்த வருடம் ஆடி மாதம் அக்காவின் நீல வான்கடிதம் ஒன்று வந்தது. மழை, மாமரம், பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்று ஒரு பக்கம். அடியில் ஒரு வரி: "அம்மா நல்ல சுகம். கொஞ்சம் மெலிஞ்சு போனா, வயசுதானே."

கடிதத்தை மேசையில் வைத்தேன். "இஞ்சாருங்கோ, எனக்கு உடன டிக்கெட் எடுங்கோ" என்றேன்.

இவர் கடிதத்தை எடுத்து இரண்டு தரம் வாசித்தார். "நல்ல சுகம் எண்டுதானே எழுதியிருக்கிறா?"

"அதுக்குத்தான்" என்றேன்.

அந்த வருட லீவை எடுத்துக்கொண்டு நான் போனபோது அம்மா என்னை அடையாளம் கண்டார். "வந்திட்டியே" என்றார். பதினொரு நாள் பக்கத்தில் இருந்தேன். கஞ்சி பருக்கினேன், தலை வாரிவிட்டேன், வழக்கம்போலச் சண்டையும் பிடித்தேன். பன்னிரண்டாம் நாள் காலையில் அம்மா போய்விட்டார்.

மெல்பேணுக்குத் திரும்பி வேலைக்குப் போன முதல் நாள், தேநீர் நேரத்தில் அவளுடைய மேசைக்குப் போனேன். பத்து மாதமாக எங்களுக்குள் ஒரு வார்த்தை இல்லை. உட்காராமலே சொன்னேன்: "என்ர அம்மா செத்துப்போனா. ஆனா பதினொரு நாள் அவவோட இருந்தனான். உனக்கு நான் செய்த பிழையாலதான் எனக்கு அது கிடைச்சது."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். பக்கத்துக் கதிரையை இழுத்து எனக்கு இடம் விட்டாள். நான் இருந்த பிறகு, என்னைப் பாராமலே சொன்னாள்:

"எனக்கெண்டா ஒரு நாளே போதுமாயிருந்திருக்கும்."