விளக்கை ஊதி அணைக்கும் காட்சி

எங்கள் நாடகம் பெரிய வெற்றி என்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஐந்து ஊர்களில் போட்டோம். ஐந்திலும் ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் எழுதாத ஒரு காட்சிக்காகத் தட்டினார்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

நான் பெரம்பலூரில் ஒரு பத்திர எழுத்தரிடம் டைப் அடிக்கிறேன். கிரயம், பாகப்பிரிவினை, தானம் என்று நாள் முழுக்க ஊரார் நிலத்தின் நான்கு எல்லைகளை அடித்துக்கொண்டிருப்பது என் பிழைப்பு. வடக்கே வண்டிப்பாதை என்று இருந்தால் வடக்கேதான் வண்டிப்பாதை. யாருக்கும் இரக்கப்பட்டு அதைக் கிழக்கே தள்ளிப்போட முடியாது. நாடகத்தையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். எழுதியது எழுதியபடி நடக்க வேண்டும். இதனால் எங்கள் குழுவில் எனக்குப் பட்டப்பெயர்கள் உண்டு; முகத்துக்கு நேரே சொல்வதில்லை.

குழு என்றால் எட்டுப் பேர். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு டியூஷன் சென்டர் ஹாலில் பெஞ்சுகளை ஓரம்கட்டிவிட்டு ஒத்திகை பார்ப்போம். கதாநாயகியாக நடிப்பவர் ஒரு நர்ஸ். அவருக்குக் கணவராக நடிப்பவர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். நாடகமாக எழுதியதும் சொல்லிக்கொடுத்ததும் நான்.

எடுத்துக்கொண்ட கதை நூறு வருஷத்துப் பழைய நாவல். கணவன் குடிக்கிறவனோ அடிக்கிறவனோ இல்லை. மனைவி என்று ஒருத்தி வீட்டில் இருப்பதே அவன் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். இருபது வருஷமாக அவள் தினமும் சாயங்காலம் விளக்கேற்றுகிறாள். கடைசி அத்தியாயத்தில், அவன் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருக்கும்போது, அந்த விளக்கை ஊதி அணைத்துவிட்டு வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள். அழுவதில்லை, வசனம் பேசுவதில்லை. விளக்கு அணைந்த பிறகு இருட்டில் ஒரு நிமிஷம் நிற்கிறாள். அப்புறம் படியிறங்கிப் போகிறாள். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நான் இரண்டு மணி நேர நாடகத்தையே எழுதினேன்.

முதல் ஒத்திகையிலேயே நர்ஸ் தயங்கினார்.

"வெளக்க வாயால ஊதக் கூடாதுங்க்கா. பூவால ஒத்தி மலையேத்தறாப்ல வச்சுக்கலாமே?"

"வீட்டைவிட்டுப் போறவ பூவைத் தேடிக்கிட்டு நிப்பாளா?" என்றேன்.

"சரிங்க்கா. நடிப்புதானே, ஊதிடறேன்" என்றார். சொன்ன சொல்லை அவர் கடைசிவரை காப்பாற்றினார். என் கோபம் அவர்மேல் இல்லை.

முதல் முறை பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டோம். முழங்கால் உயர மேடை. காமாட்சி விளக்கும் தீப்பெட்டியும் மேடையிலேயே இருந்தன. கடைசிக் காட்சி வந்தது. நர்ஸ் குனிந்து ஒரே மூச்சில் ஊதினார். சுடர் போயிற்று. முகம் தெரிய லேசாக நீல விளக்கு மட்டும் வைத்திருந்தோம். நான் திரைக்குப் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண்மணி முன்வரிசையிலிருந்து எழுந்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மேடை ஏறினார். தீப்பெட்டியை எடுத்தார். திரியை நிமிண்டி, கையால் காற்றை மறைத்து, விளக்கை ஏற்றினார்.

"காத்துல அணைஞ்சிருச்சு, பாத்துக்கம்மா" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, கும்பிட்டுவிட்டு, போய் உட்கார்ந்துகொண்டார்.

நர்ஸ் இரண்டு விநாடி திகைத்து நின்றார். பிறகு எரிகிற விளக்கை விட்டுவிட்டுப் போனார். மண்டபமே அதிர்கிற மாதிரி கைதட்டல். பார்வையாளர்களையும் பாத்திரமாக்கிய புதுமை என்று மறுநாள் ஒருவர் முகநூலில் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு நான் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

யாராவது வேண்டுமென்றே விளக்கை ஊதுவார்கள் என்பது எங்கள் ஜனங்களின் மண்டையில் ஏறவே ஏறாது என்று எனக்கு அப்போது புரியவில்லை. யாரோ ஒருவர் அவசரக்குடுக்கை என்று நினைத்தேன். குரும்பலூரில் போட்டபோது மேடையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துவிட்டேன். மின்விசிறிகளையும் நிறுத்தச் சொன்னேன். காற்று என்ற சாக்கே இருக்கக் கூடாது. ஜனங்கள் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார்கள். விளக்கு அணைந்ததும் ஒருவர் சட்டைப்பையிலிருந்து லைட்டரை எடுத்துக்கொண்டு மேடை ஏறினார்.

"எண்ணெ ஊத்தலையா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏற்றினார்.

செந்துறையில் நானே மைக்கைப் பிடித்து முன்கூட்டியே சொன்னேன். கடைசியில் விளக்கு அணைவது கதைப்படி நடப்பது, தயவுசெய்து யாரும் மேடைக்கு வர வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். எல்லோரும் பொறுமையாகத் தலையாட்டினார்கள். கடைசிக் காட்சியில் மூன்று பெண்கள் மேடை ஏறினார்கள். திரைக்குப் பின்னாலிருந்து ஓடி வந்து அவர்களை மறித்தேன். நாடகத்தின் நடுவில் நான் மேடையில் தெரிகிறேன் என்பதுகூட அப்போது உறைக்கவில்லை.

"கதைங்க இது. அவ வேணும்னுதான் அணைக்கிறா" என்றேன்.

"கதையில அணைஞ்சா என்னங்க, வூட்டு வெளக்குதானே?" என்று ஒரு பெண் என்னைச் சுற்றிக்கொண்டு போய் ஏற்றினார்.

திருமானூரில் வேறு கூத்து. அங்கே மேடை ஏறியவருக்கு விளக்கைவிடக் கட்டிலில் படுத்திருந்தவர்மேல்தான் கோபம். லாரி டிரைவரின் தோளைப் பிடித்து உலுக்கி, "யோவ், எந்திரிய்யா. வெளக்கு போயிருச்சு, பொண்டாட்டி இருட்டுல நிக்கிது, உனக்குத் தூக்கமா?" என்றார். டிரைவர் பதறி எழுந்து அவரே விளக்கை ஏற்றிவிட்டார். இருபது வருஷம் மனைவியைத் திரும்பிப் பார்க்காத மனிதன் கடைசி நிமிஷத்தில் எழுந்து விளக்கேற்றினால் கதையில் என்ன மிச்சம் இருக்கும்? வேனில் திரும்பும்போது அவரைப் பிடித்துக் காய்ச்சு காய்ச்சென்று காய்ச்சினேன்.

"நா என்னங்க்கா செய்யறது? அவரு சொன்னது நாயமாத்தான பட்டுச்சு" என்றார். "பேசாம பேட்டரி வெளக்கு வச்சிரலாம். சுவிச்ச அமுக்குனா போயிரும். யாரும் வரமாட்டாங்க."

பேட்டரி விளக்கு அணைந்தால் கரண்ட் போன மாதிரி இருக்கும், அவள் போன மாதிரி இருக்காது என்றேன்.

இதற்குள் நாடகத்தின் பேர் பரவிவிட்டது. அரியலூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். "வெளக்கேத்துற நாடகம் ஒண்ணு போடுறீங்களாமே, எங்களுக்கும் ஒரு தேதி குடுங்க" என்றார். நான் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை முறைத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று கேட்கலாம். நான் வாழ்க்கைப்பட்டது அரியலூரில்தான். அந்த வீட்டிலும் அடிதடி கிடையாது. ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு, பழக்கதோஷத்தில் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, சேலையை மாற்றிக்கொண்டு, ஒரு பையோடு பெரம்பலூர் பஸ் ஏறினேன். திரும்பிப் போகிற எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. ஆனால் மாமியார் ஊரெல்லாம் சொன்னார்: "வெளக்கேத்தி வச்சிட்டுதான் போயிருக்கா. வந்துருவா." சமாதானம் பேச வந்தவர்கள் ஒவ்வொருவரும் அதையே என் முன்னால் வைத்தார்கள். "மனசு வுட்டுப் போனவ வெளக்கேத்துவாளாம்மா?" என் கையே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. விவாகரத்துக்குச் சம்மதிக்காமல் மூன்று வருஷம் இழுத்தடித்தார்கள். அந்த நாட்களில்தான் இந்த நாவல் கிடைத்தது. அவள் விளக்கை ஊதுகிற பக்கத்தைப் படித்துவிட்டு, இதை நான் செய்திருக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னேன். அன்றைக்கு நான் செய்யாததை ஒரு முறையாவது கண்ணால் பார்க்க வேண்டும். அந்த ஒரு நிமிஷ இருட்டு எனக்கு வேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடு.

அரியலூர் என்றதும் முடியாது என்றுதான் முதலில் சொல்ல வந்தேன். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். அந்த மண்டபத்தில் மேடை நெஞ்சு உயரம். முன்பக்கத்தில் ஏறுவதற்கு இருந்த மரப்படியை முதல் வேலையாகப் பின்னால் இழுத்துப்போட்டேன். பின்வழியாக யாரும் வராமலிருக்க ஒப்பனை அறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ் போட்டோம். பறந்து வந்தால்தான் உண்டு.

அன்று காலையில் நர்ஸ் போன் செய்தார். அவர் வார்டில் காய்ச்சல் கூட்டம், லீவு ரத்து. முழு வசனமும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வேறு வழியில்லாமல் நர்ஸின் சேலையை நான் கட்டிக்கொண்டேன்.

இரண்டு மணி நேரம் எப்படிப் போயிற்று என்று தெரியவில்லை. கடைசிக் காட்சிக்கு வந்தேன். டிரைவர் கட்டிலில் கண்ணை இறுக்கி மூடிப் படுத்திருந்தார். செத்தாலும் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். குனிந்தேன். ஊதினேன். விளக்கு அணைந்தது.

யாரும் வரவில்லை. மனசுக்குள் எண்ணத் தொடங்கினேன். பத்து வரைக்கும் சத்தமே இல்லை. அரியலூரில், இத்தனை பேர் பார்க்க, நான் விளக்கை ஊதி அணைத்துவிட்டு நிற்கிறேன். பதினைந்து எண்ணியிருப்பேன்.

"படி எங்கடி?" என்றது ஒரு குரல்.

"படியக் காணோமே."

"தீப்பெட்டி யாருட்ட இருக்கு? பின்னால கேளுங்க."

நாற்காலிகள் நகர்ந்தன. பின்வரிசையிலிருந்து ஒரு தீப்பெட்டி கை மாறிக் கை மாறி முன்னால் வந்தது. என் வயதுதான் இருக்கும், ஒரு பெண் எக்கி அதை மேடை விளிம்பில் வைத்தார்.

"ஏம்மா, எங்களால ஏற முடியல. நீயே ஏத்தி வச்சிரு."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. மேடையில் நிற்பதை மறந்து அவரிடம் சொன்னேன். எழுதாத வசனம் அது. நான் எழுதாத ஒரு சொல்லை நானே பேசினேன்.

"நான் போறேங்க. திரும்பி வரவே மாட்டேன்."

"போ தாயி. யாரு வேணாங்கறா?" என்றார் அவர் சாதாரணமாக. "ஏத்திக்கிட்டுப் போ. படியெறங்கயில வழி தெரிய வேணாமா?"

எத்தனையோ பேர் சமாதானம் பேச வந்தார்கள். போ என்று இந்த ஊரில் ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

தீப்பெட்டியை எடுத்தேன். முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவதில் பற்றியது. ஏற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமல், ஒவ்வொரு படியாக மேடையின் பின்பக்கம் இறங்கிப் போனேன். கைதட்டல் கேட்டது. ஒப்பனை அறையில் உட்கார்ந்து அழுதேன். கோபமும் தீரவில்லை. நூறு வருஷத்து நாவலின் கடைசி வரியை, காப்பாற்ற வந்த நானே கெடுத்துவிட்டேன். யாருடையது என்று தெரியாத அந்தத் தீப்பெட்டி கைக்குள்ளேயே இருந்தது. திருப்பிக் கொடுக்கத் தோன்றவில்லை.

வேனில் வரும்போது நர்ஸ் போன் செய்தார்.

"அக்கா, இன்னிக்காவது அணைஞ்சிச்சா?"

"அணைஞ்சுது."

"அப்பாடா. யாரும் ஏத்தலயே?"

"நாந்தான் ஏத்துனேன்" என்றேன்.