ஐம்பத்தைந்து கிலோ கூடுதல்

இது மேற்கு வங்காள எல்லை ஊரான ஹிலியில், நான் வேலை பார்க்கும் லாரி எடைமேடையில் நடந்தது. கதை கட்டுகிறேன் என்று சொல்பவர்களுக்குக் காட்டவே எடைச்சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். பதினொரு சீட்டு. பதினொன்றிலும் ஐம்பத்தைந்து கிலோ கூடுதல்.

எல்லை தாண்டி வங்காளதேசம் போகும் லாரிகள் எங்கள் மேடையில் ஏறித்தான் போக வேண்டும். காகிதத்தில் உள்ள எடையோடு ஒத்துவராவிட்டால் வரிசையிலிருந்து விலக்கிவிடுவார்கள். மறுபடி இடம் கிடைக்கப் பத்து நாளாகும்.

லாரி முதலாளி பிஜன் ஹல்தாரின் வண்டிகளில் மட்டும்தான் அந்த ஐம்பத்தைந்து வந்தது. எந்த லாரியானாலும் வந்தது. காலி மேடை பூஜ்யம் காட்டியது. எடைக்கற்களை வைத்துச் சோதித்தேன், சரியாக இருந்தது. சக்கரத்துச் சேற்றைக் கழுவினேன். டீசலைக் கழித்துப் பார்த்தேன். அவருடைய லாரிக்கு முன்னால் ஏறியதும் பின்னால் ஏறியதும் ஒரு குறையும் இல்லை. நான் வேலையில் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

ஜனவரி பதினேழு. காலை 10.20. பனி விலகவே இல்லை. காலி லாரி ஒன்றை முகப்பு விளக்கு எரிய மேடையில் ஏற்றிவிட்டு இறங்கினார் ஓட்டுநர் இத்ரிஸ். பனிக்காகத் தார்ப்பாய் மூடியிருந்தது. கூடவே, நாங்கள் பாபு என்று கூப்பிடும் ஹல்தாரும் வந்திருந்தார்.

“ஏம்பா தபஸ், என் வண்டி மட்டும் உன் மேடையில ஏறினா மாசமாயிடுதா?”

“அதுக்குத்தான் பாபு காலி வண்டியைக் கேட்டேன். இதுலயும் வருதான்னு பாக்கலாம்.”

“வந்தா, நீ ஏதோ தில்லுமுல்லு பண்றேன்னு அர்த்தம். பதினொரு மணிக்கு உன் முதலாளிகிட்ட போறேன். நாளையிலருந்து நீ டீக்கடை போட்டுக்க.”

அந்த லாரியின் வெற்று எடை 6,240. திரையில் 6,295.

மேடைக்கு அடியில் நான்கு மூலையிலும் எடையை உணரும் கருவி இருக்கிறது. நாலும் சொல்வதைக் கூட்டித்தான் திரை காட்டும். ஒவ்வொன்றையும் தனியாகவும் பார்க்கலாம். எந்த மூலையில் எண் ஏறுகிறதோ, பாரம் அங்கே இருக்கிறது. தனித்தனியாகக் காட்டும் பொத்தானை அழுத்தினேன்.

ஐம்பத்தைந்து பின்பக்க இடது மூலையில் இருந்தது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலது மூலைக்குப் போனது. பிறகு முன்பக்கம். மெதுவாக... ஒருவர் உள்ளே நடப்பது போல.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தார்ப்பாய் அசையவில்லை.

டொக்... டொக்... டொக்.

ஏறப்போன ஹல்தாரின் கையைப் பிடித்தார் இத்ரிஸ். “பாபு, ஏறாதீங்க.”

“எலிடா. தபஸ் வளக்கிற எலி. ஐம்பது கிலோ எலி.” ஹல்தார் பின்பக்கத் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஏறினார்.

10.34. திரையில் 6,375. அவர் எண்பது கிலோ.

பின்பக்கம் அவர். முன்பக்கம் அது.

முன்பக்க எண் இறங்கத் தொடங்கியது. பின்பக்க எண் ஏறியது.

“பாபு, வெளியே வாங்க,” என்று கத்தினேன்.

தார்ப்பாய் சரிந்தது. கயிறு தானாக இறுகியது.

உள்ளே ஓர் இருமல். இன்னொன்று. பிறகு நிற்காமல்...

பலகையில் கைகள் அறையும் சத்தம்.

இத்ரிஸ் முடிச்சைப் பிடித்துப் பிய்த்தார். நகம் கிழிந்தது. முடிச்சு விடவில்லை. நான் கத்தியை எடுக்கத் திரும்பினேன்.

10.40. திரையில் 6,320.

ஹல்தார் மட்டும்தான் இருந்தார்.

கயிற்றை அறுத்தோம். பலகையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்து, வாய் திறந்திருந்தது. மூச்சு இல்லை.

தொண்டையிலிருந்து நுரையீரல் வரை மிளகாய்த் தூள் என்றார் மருத்துவர். அந்த லாரி வாங்கி மூன்று வாரம்தான். அதில் ஏறியது அரிசி மட்டும்.

அன்று மாலை இத்ரிஸ் என்னிடம் சொன்னார்.

“ரெண்டு வருசம் முன்னாடி அண்ணே. வத்தல் மிளகாய் லோடு. மூட்டை தூக்குற கோகுல் பர்மன் குளிர் தாங்காம மூட்டைக்கு நடுவுல தூங்கிட்டான். தெரியாம தார்ப்பாயை இறுக்கிக் கட்டிட்டோம். எடையில ஐம்பத்தஞ்சு கூட வந்துச்சு. உள்ளேருந்து இருமல் கேட்டுச்சு. தட்டினான். பாபுகிட்ட சொன்னேன்.”

“என்ன சொன்னாரு?”

“அஞ்சு மணிக்கு எல்லை வாசலைச் சாத்திடுவாங்க, அவுத்தா வரிசையில இடம் போயிடும்னாரு. பின்னாலருந்து ஒரு மூட்டையை உருவி எடையைச் சரிபண்ணச் சொன்னாரு.”

“நீ?”

“வண்டியை எடுத்தேன். அந்தப் பக்கம் மூட்டை இறக்கும்போதுதான் பொணத்தைப் பாத்தாங்க.”

ஹல்தாரோடு முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை. அடுத்த திங்கட்கிழமை வேறொரு முதலாளியின் லாரியில் அதே ஐம்பத்தைந்து. ஒரு மூட்டையை இறக்கிவிடுங்கள் என்று அவரும் சொன்னார். இத்ரிஸ் ஓடிவந்து அவரைத் தடுத்தார். கயிற்றை அவிழ்த்துத் தார்ப்பாயை விலக்கினார். “கோகுல், இறங்கி வாடா. நான் நிக்கிறேன்,” என்றார். உள்ளே யாருமில்லை. எடை காகிதத்தோடு ஒத்துப்போனது.

இப்போது எங்கள் மேடையில் இதுதான் வழக்கம். எந்த லாரியானாலும், வாசல் சாத்தும் நேரமே ஆனாலும், முதலில் கயிற்றை அவிழ்க்கிறோம். தார்ப்பாயை விலக்கி, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கூப்பிட்டுக் கேட்கிறோம். பதில் வருகிறதா என்று நின்று கேட்ட பிறகு கட்டுகிறோம். எடை சரியாக வருகிறது.