தண்ணீரைத் தேடிப் போன ஆடிப்பெருக்கு

அறுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகிச் சிங்கப்பூரில் செம்பவாங்குக்கு வந்த எனக்கு அதுதான் முதல் ஆடிப்பெருக்கு. கணவருக்குக் கப்பல் பட்டறையில் வேலை. காலையில் புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டேன். பழைய கயிற்றை ஓடும் தண்ணீரில் விட வேண்டுமே! பூவும் மஞ்சளுமாக வாழையிலையில் சுற்றி எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு அக்காவோடு கடலோரச் சதுப்புக் காட்டுக்குப் போனேன்.

தண்ணீரைக் காணோம்! முந்தின நாள் மரங்களின் இடுப்பு வரை நின்றது, இன்று எங்கோ தூரத்தில் வெள்ளிக் கோடாக மினுங்கியது. நான் காவிரிக்கரையில் வளர்ந்தவள். எனக்குத் தெரிந்த தண்ணீர் ஒரே பக்கமாகத்தான் ஓடும், போனது போனதுதான். மிச்சமிருப்பதும் போய்விடுமோ என்ற பதற்றத்தில் சேற்றில் இறங்கிவிட்டேன்.

"ஏம்மா, போகாதே லா! உள்ள இழுத்துடும்!" என்று அக்கா கத்தினார். யார் கேட்டது? மரங்களைத் தாண்டி வழவழப்பான வெளிக்கு வந்ததும் முழங்கால் வரை புதைந்துவிட்டேன். ஒரு காலை இழுத்தால் மற்றது இன்னும் ஆழமாகப் போனது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்கள். எனக்கு இரண்டும் சேற்றில்தான். அக்கா ஆள் கூட்டிவர ஓடினார்.

தனியாக நின்று அழுதேன். அழுது ஓய்ந்தபோது சுற்றிலும் எல்லாம் மெல்ல மெல்ல நடந்துகொண்டிருந்தது. மரத்திலிருந்து ஒரு பழுத்த இலை உதிர்ந்தது. ஒரு நண்டு அதை வளைக்குள் இழுத்துக்கொண்டு போனது. அந்த நண்டின் மேல் ஒரு கொக்குக்குக் கண். கண் பிதுங்கிய சேற்று மீன் ஒன்று, துடுப்பைக் கையாக ஊன்றி நடந்து வந்து என்னைப் பார்த்தது. இவள் எந்த ஊர் மரம் என்று யோசித்ததோ என்னவோ! காலைச் சுற்றிச் சேறு இளஞ்சூடாக இருந்தது. பாதித் தூக்கத்தில் நிற்பது போல் சுகமாகக்கூட இருந்தது.

பிறகுதான் கவனித்தேன், வெள்ளிக் கோடு கிட்டே வந்திருந்தது. சத்தமே இல்லாமல் வந்துகொண்டே இருந்தது. இத்தோடு நம் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"ஜாங்கான் கெராக்!" அசையாதே என்று மலாயில் ஒரு குரல். சிப்பி பொறுக்க வந்த மலாய் அம்மா ஒருவர், நீப்பா என்ற சதுப்புப் பனையின் ஓலைகளைச் சேற்றில் பரப்பி, அதன்மேல் தவழ்ந்து வந்தார். என்னையும் குப்புறப் படுக்கச் சொன்னார். பட்டுப் புடவையோடு படுத்தேன். கால்கள் ஒவ்வொன்றாக விடுபட, மரத்தடி வரை என்னை இழுத்தே போனார். அங்கே வேர்கள் பின்னிப் பிணைந்து மண்ணைப் பிடித்து வைத்திருந்தன. நிற்க முடிந்தது.

கையில் பொட்டலம் பத்திரமாக இருந்தது. அதைக் காட்டி, தண்ணீரையும் காட்டினேன். அவர் சிரித்தார். "துங்கு. ஆயேர் டாத்தாங்." காத்திரு, தண்ணீர் வரும்.

வந்தது. பொடிமீன்களையும் கூட்டிக்கொண்டு, வேர்களுக்குள் நுழைந்து, என் பாதத்தைத் தொட்டது. குனிந்து கயிற்றை விட்டேன். அக்கா ஆட்களோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது, நான் புதைந்து நின்ற இடம் தண்ணீருக்கு அடியில் இருந்தது.

அந்த அம்மாவின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் இன்றும் ஆடிப்பெருக்கு அன்று கண்ணை மூடிக் கும்பிட்டால், எனக்குள் தோன்றுகிற காவிரித் தாய்க்குச் சேறு படிந்த அவர் முகம்தான்.